ஒலிநூலில் யார் யாரென்று குழம்பினால்

இங்கிலாந்துப் பிரபுக்களின் அந்தக்காலக் காதல் கதையை ஒலிநூலாகக் கேட்டுக் குழம்புகிறீர்களா? வேகத்தை 1.5 மடங்கிலிருந்து இயல்பான 1-க்குக் குறைத்து, முதல் அத்தியாயங்களை மட்டும் மறுபடி கேளுங்கள். டியூக் (மிக உயர்ந்த பட்டம் பெற்ற பிரபு) யார், அவர் தம்பி யார் என்றே பிடிபடவில்லை என்கிறீர்களே, அது பெரும்பாலும் பெயர்ச் சிக்கல்தான். ரீஜென்சி கால (மன்னருக்குப் பதிலாக இளவரசர் ஆண்ட 1811–1820) இங்கிலாந்துப் பிரபுவுக்குக் குடும்பப் பெயர் ஒன்று, பிரபுப் பட்டத்தின் பெயர் பெரும்பாலும் வேறொன்று. அச்சில் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துக்கொள்ளலாம்; காதுக்கு அந்த வசதி இல்லை.

புதிதாக ஒருவர் வந்ததும் நிறுத்தி, இரண்டு பெயரையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.

அப்புறம், காதலித்துக்கொண்டே கல்யாணத்துக்குத் தயங்குகிறாளே என்று நாயகி மேல் கோபப்படாதீர்கள். 1882-இல் சட்டம் மாறும்வரை மணமான பெண்ணின் சொத்து பெரும்பாலும் கணவன் கையில்தான். எனக்கு அந்தத் தயக்கக் காட்சிகள்தான் கதையின் சுவையே.

ஒரே வாசிப்பாளர் எல்லாரையும் ஒரே தொனியில் படித்திருந்தால் இதெல்லாம் பாதிதான் உதவும். அப்போது மின்னூலையும் கூடவே திறந்து வையுங்கள்.