எடை குறைக்க ஊசியா, அறுவை சிகிச்சையா?

கேள்வி: எனக்கு வயது 41. உயரம் 155 செ.மீ., எடை 85 கிலோ. நான்கு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு மாத்திரைகள் சாப்பிடுகிறேன். சோற்றைக் குறைத்து, நடைப்பயிற்சி செய்து மூன்று முறை எடையைக் குறைத்தேன். மூன்று முறையும் திரும்ப ஏறிவிட்டது. வாயைக் கட்டத் தெரியாதவள் என்று வீட்டில் ஏசுகிறார்கள். பக்கத்து வீட்டுப் பெண் வாரம் ஒரு ஊசி போட்டு மெலிந்திருக்கிறார். நானும் போடலாமா? அறுவை சிகிச்சைதான் வழியா?

பதில்: அந்த ஏச்சை முதலில் மனதிலிருந்து இறக்கி வையுங்கள், அம்மா. எடை குறைந்தால் உடல் அதைப் பஞ்ச காலம் என்றே எடுத்துக்கொள்கிறது. பசியைத் தூண்டும் கிரெலின் சுரப்பு கூடுகிறது, செலவாகும் கலோரி குறைகிறது. மூன்று முறை போராடியவரை நான் குறை சொல்லமாட்டேன்.

உங்கள் பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கு ஏற்ற எடை உள்ளதா என்று காட்டும் எண், 35.4. எடையை, மீட்டர் கணக்கில் உயரத்தை அதே உயரத்தால் பெருக்கிய எண்ணால் வகுத்தால் இது வரும். மேலை நாடுகளில் 30 தொட்டால் உடல் பருமன் என்பார்கள். நமக்கு 25 போதும். குறைந்த எடையிலேயே நம்மவர்களுக்கு வயிற்றுக்குள் கொழுப்பு சேர்ந்துவிடுகிறது. அதனால் இடுப்பையும் அளந்து பாருங்கள். பெண்களுக்கு 80 செ.மீ.யைத் தாண்டக் கூடாது. தைராய்டு பரிசோதனையும் தேவை. பலத்த குறட்டை இருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

ஊசி உங்களுக்குப் பொருந்தக்கூடியதே. செமாக்ளுடைடு, டிர்செபடைடு இரண்டும் எடைக்குறைப்பு ஊசிகளாக 2025-இல் இந்தியாவுக்கு வந்தன. குடல் ஹார்மோனைப் போல வேலை செய்து பசியை அடக்குபவை. ஆனால் பக்கத்து வீட்டுக்காரருக்குச் சர்க்கரை இல்லையென்றால் அவரோடு ஒப்பிடாதீர்கள். ஆய்வுகளில் செமாக்ளுடைடால் மற்றவர்களுக்குச் சுமார் 15 சதவீத எடை குறைந்தது. சர்க்கரை நோயாளிகளுக்குச் சுமார் 10 சதவீதம்தான். டிர்செபடைடில் சர்க்கரை நோயாளிகளுக்கும் 13 முதல் 15 சதவீதம் வரை குறைந்தது. உங்கள் கணக்கில் 11 முதல் 13 கிலோ வரை. முழங்காலும் சர்க்கரையும் அந்த வித்தியாசத்தை நன்றாகவே உணரும்.

குமட்டலும் மலச்சிக்கலும் பலருக்கு வரும். கணைய அழற்சி வந்தவர்கள், குடும்பத்தில் மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் உள்ளவர்கள், கருத்தரிக்க விரும்புபவர்கள் அதை முன்பே சொல்லிவிட வேண்டும். நிறுத்தினால் பெரும்பாலோருக்கு எடை திரும்புகிறது. ஆகவே நீண்ட காலத்துக்குச் செலவைத் தாங்க முடியுமா என்பதைக் குடும்பத்தோடு பேசிவிட்டுத் தொடங்குங்கள்.

தாங்க முடியாது என்றால் அறுவை சிகிச்சையைக் கடைசிப் புகலிடமாக நினைத்து அஞ்ச வேண்டாம். இன்றைய சர்வதேசப் பரிந்துரைப்படி 35-க்கு மேல் பி.எம்.ஐ. இருந்தாலே அதைப் பரிசீலிக்கலாம். ஆசியர்களுக்கு வரம்பு 27.5. இரைப்பையின் பெரும்பகுதியை அகற்றும் ஸ்லீவ் முறையும், குடலைத் திருப்பி இணைக்கும் பைபாஸும் எடையை ஊசியைவிட அதிகமாகக் குறைக்கின்றன. உங்களைப் போல இன்சுலின் தேவைப்படாமல், நோய் வந்து சில ஆண்டுகளே ஆனவர்களுக்குச் சர்க்கரை மருந்தே வேண்டாத நிலை வர நல்ல வாய்ப்பு உண்டு. அதற்காக உடல் கொடுக்கும் விலை வேறு விதம்: வைட்டமின், இரும்பு, கால்சியம் மாத்திரைகள் வாழ்நாள் முழுவதும் தொடரும்.

எந்த வழியானாலும் பருப்பு, முட்டை, மீன் என்று புரதத்தைக் குறைக்காதீர்கள். கொழுப்போடு தசையும் கரையும். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையையும் விழித்திரையையும் பரிசோதித்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள். ஊசியோடு கிளிமிபிரைடும் சேர்ந்தால் சர்க்கரை திடீரென ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். அந்த மாத்திரையின் அளவை எவ்வளவு குறைப்பது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் முதல் ஊசியைப் போட்டுக்கொள்ளாதீர்கள்.