ராணி பாக் பென்குயினுக்கு மூத்தவை

கேள்வி: மும்பை ராணி பாக் மிருகக்காட்சிசாலையில் பென்குயினை ஏசி போட்டு வைத்திருக்கிறார்களே, பனிப்பிரதேசத்தில்தான் இந்த இனம் தோன்றியதா?
(வாசகி, மாட்டுங்கா)

இல்லை. அங்கிருப்பவை ஹம்போல்ட் பென்குயின்கள். பெரு, சிலி கடற்கரைக்காரர்கள். ஏசி நம் மும்பைப் புழுக்கத்துக்காக. கிடைத்த பென்குயின் புதைபடிவங்களில் மிகப் பழையவற்றில் சேர்ந்தவை நியூசிலாந்தின் வைபாரா ஆற்றங்கரை எலும்புகள், வயது 6 கோடி ஆண்டுக்கும் மேல். 2006-இல் 'வைமானு' என்று பெயரிட்டார்கள். அப்போது துருவங்களில் இன்றைய பனிப்பாளமே கிடையாது.

இன்றைய பென்குயினின் சிறகுக்குப் போகும் தமனி தோளருகே பல கிளைகளாகப் பிரியும். ஒட்டியே ஓடும் சிரைகளில் குளிர்ந்து திரும்பும் ரத்தம் அங்கேயே சூடேறிவிடும். அந்தத் தமனிகள் மேற்கை எலும்பில் (தோளுக்கும் முழங்கைக்கும் இடைப்பட்டது) பள்ளக் கோடுகளாகப் பதிந்திருக்கும். வைமானுவில் அந்தக் கோடுகள் இல்லை, சுமார் 4.9 கோடி ஆண்டுப் பழமையான அண்டார்டிக் எலும்புகளில் வந்துவிட்டன. அதுவும் வெப்பமான காலம்தான். ஆக, சூடு காக்கும் ஏற்பாடு பனிக்கு முந்தியது. நெடுநேரம் கடலில் நீந்தவே உதவியிருக்க வேண்டும்.

கேள்வி: ஒரே ஓர் எலும்பை வைத்துப் பென்குயின் என்று எப்படிச் சொல்கிறார்கள்?
(வாசகர், தாராவி)

1859-இல் ஆங்கில உயிரியலாளர் ஹக்ஸ்லி முதல் புதைபடிவப் பென்குயினுக்குப் பெயர் வைத்ததே ஒரு கால் எலும்பை நம்பித்தான். கறிக்கடையில் கோழிக்கால் வாங்கி, சதை கழலும்வரை வேகவைத்து, நரம்பைச் சுரண்டிப் பாருங்கள். விரல்களுக்கு மேலே ஒல்லியான ஒற்றை எலும்பு. கீழ்நுனியில் மூன்று குமிழ். மூன்று எலும்பு ஒட்டி உருவானது அது. பென்குயினில் அதே எலும்பு குட்டையாக, அகலமாக இருக்கும். மூன்றும் சேர்ந்த இடத்தில் பள்ளம் தெளிவாகத் தெரியும்.

கோழி இறக்கையின் முதல் எலும்பையும் எடுங்கள். தோள்பக்க நுனியில் காற்றுப்பை நுழையும் துளை உண்டு. பென்குயினுக்கு அது கிடையாது. சுவரும் தடிமன், முழுக எடை வேண்டுமே. வைமானுவின் சிறகெலும்புகளும் தட்டையாகிக் கனத்துவிட்டன. பறப்பதை அப்போதே விட்டாயிற்று. முழங்கை மட்டும் இன்றைக்குள்ள அளவு இறுகவில்லை.

உடைந்த சிறகுத் துண்டு மட்டும் கிடைத்தால் ஏமாறலாம். வட பசிபிக்கில் வாழ்ந்த பிளோடோப்டெரிட் என்ற வேறு பறவைக்கும் இதே மாதிரி துடுப்புச் சிறகு.

கேள்வி: 150 கிலோ பென்குயின் நிஜமா?
(வாசகர், செம்பூர்)

2023-இல் அறிவிக்கப்பட்ட 'குமிமானு ஃபோர்டைசி'யைக் கேட்கிறீர்கள். இன்றைய பென்குயின்களில் பெரியதான எம்பெரர் அதிகபட்சம் 45 கிலோ வரும். 150 என்பது மேற்கை எலும்பின் அளவிலிருந்து போட்ட கணக்கு. இராட்சதன்தான், சந்தேகமில்லை, உயரம் இத்தனை அடி என்று படம் போட்டால் மட்டும் நம்பாதீர்கள். முழு எலும்புக்கூடு இல்லாமல் அதைச் சொல்ல முடியாது.