கண் சொட்டும் செல்லப் பிராணியும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கண் அழுத்த நோய்க்காக எங்கள் நாய்க்கு ஒரு கண்ணில் டிமோலால் 0.5 சதவீதச் சொட்டு விடுகிறோம். அந்தக் கண்ணின் பாவை சிறுத்துவிட்டது. இதே மருந்து விடும் என் அப்பாவுக்கு அப்படி இல்லையே?

பதில்: பயப்பட வேண்டாம். கண்பாவையைச் சுருக்கும் தசையை நாய், பூனைகளில் பீட்டா ஏற்பிகள் (அட்ரினலினின் சமிக்ஞையை வாங்கும் புரதங்கள்) தளர்த்தி வைத்திருக்கும். டிமோலால் அவற்றை அடைப்பதால் தசை இறுகுகிறது. மனிதக் கண்ணில் அந்த ஏற்பிகளின் பங்கு சொற்பம். அழுத்தம் இறங்குவதற்குக் காரணம் வேறு: கண்ணுக்குள் நீர் சுரப்பது குறைகிறது. அதுவும் நாய்க்குச் சில மி.மீ. பாதரசம்தான் இறங்கும். கண் சிவந்து, கருவிழி மங்கி, அழுத்தம் 50ஐத் தொட்டால் இதை மட்டும் நம்பி உட்காராதீர்கள். உடனே மருத்துவரிடம் ஓடுங்கள்.

பரம்பரையாக வரும் நோயில், இன்னும் கெடாத மறு கண்ணைக் காக்கத்தான் இவ்வகை மருந்து நன்றாக உதவுகிறது. டிமோலாலின் இனமான பீட்டாக்ஸோலால் விட்ட நாய்களின் மறு கண்ணில் நோய் வரச் சராசரியாக 31 மாதம் ஆனது. எதுவும் விடாதவற்றுக்கு 8 மாதம். ஆனால் கண் வில்லை நழுவிப் பாவைக்கு முன்னால் வந்திருந்தால் டிமோலால் கூடாது. பாவை சுருங்கி நீரோட்டத்தை அடைத்து, அழுத்தத்தை ஏற்றிவிடும்.

கேள்வி: 4 கிலோ பூனை, ஆஸ்துமா உண்டு. அதற்கும் டிமோலால் விடலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். 0.5 சதவீதம் என்றால் மில்லிக்கு 5 மி.கி. ஒரு சொட்டு 0.04 மில்லி என்று வைத்தால் 0.2 மி.கி. பூனைக்குக் கிலோவுக்கு 0.05 மி.கி. ஏறுகிறது, 60 கிலோ மனிதருக்கு ஏறுவதைப் போல் 15 மடங்கு. சொட்டு கண்ணீர்க் குழாய் வழியே மூக்குக்குள் இறங்கி, கல்லீரலைத் தாண்டாமலே ரத்தத்தில் கலக்கும். மூச்சுக்குழாய் இறுகும், இதயத் துடிப்பு குறையும். கண் அழுத்தத்தைக் குறைக்கும் இன்னொரு சொட்டான அப்ராக்ளோனிடினும் மாற்றாகாது: நாயின் பாவையை விரிக்கும் அதே மருந்து பூனையின் பாவையைச் சுருக்கி, வாந்தியும் எடுக்க வைக்கும். அட்ரினலின் வழியைத் தொடாத டார்சோலமைடு 2 சதவீதம் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி: பாவையை விரித்த பிறகு அழுத்தம் அளக்கலாமா?

பதில்: அளந்துவிட்டுத்தான் விரிக்க வேண்டும், பாவை விரிவதே அழுத்தத்தை ஏற்றக்கூடும். அளக்கும்போது கழுத்துப் பட்டையைக் கழற்றுங்கள், இமையை அழுத்தாமல் எலும்பு விளிம்பில் விரல் வையுங்கள். இரண்டில் எது தவறினாலும் அளவு பொய்யாக ஏறும். பாவையை விரிக்க விடும் சொட்டுகளில் ஒன்றான பினைலெஃப்ரின் 10 சதவீதம் நாயிடம் வேலை செய்யும். பூனைக்குத் தனியாக அவ்வளவாக எடுபடாது. பறவைகளின் பாவைத் தசை பெரும்பாலும் வரித்தசை. அங்கே இந்த மருந்தை நம்பிப் பயனில்லை.