படிவத்தில் 'பொம்மை' என்று எழுதினேன், பார்சல் பறிமுதலாகிவிட்டது

கேள்வி: நான் வைத்திருந்த ஏர்சாஃப்ட் ரைபிளை (சிறு பிளாஸ்டிக் குண்டுகளைச் சுடும் விளையாட்டுத் துப்பாக்கி) பிரிட்டனில் இருக்கும் ஒருவருக்கு விற்றேன். கறுப்பு நிறம், பார்வைக்கு நிஜத் துப்பாக்கி மாதிரியே இருக்கும். வரி குறையட்டும் என்று அவர் கேட்டதால் சுங்கப் படிவத்தில் 'பொம்மை' என்று எழுதி, விலையையும் கால் பங்காகக் குறைத்துப் போட்டேன். பத்து நாளைக்கு முன்பு அவருக்குப் பறிமுதல் நோட்டீஸ் வந்திருக்கிறது. இப்போது பணத்தைத் திருப்பிக் கேட்கிறார். பொருள் கிடைக்குமா? என் மேல் வழக்கு வருமா?

பதில்: முதலில் அந்த நோட்டீஸின் நகலை இன்றே கேட்டு வாங்கி, அதில் உள்ள தேதியைப் பாருங்கள். பிரிட்டனின் 1979ஆம் ஆண்டு சுங்கச் சட்டப்படி, பறிமுதலே தவறு என்று வாதிட நோட்டீஸ் தேதியிலிருந்து ஒரு மாதம்தான் அவகாசம். அதில் பத்து நாள் போய்விட்டது. கெடு தாண்டிவிட்டால் பறிமுதல் சட்டப்படி சரிதான் என்று ஆகிவிடும், அதற்கப்புறம் அந்த வாதத்தை எழுப்ப முடியாது.

உங்கள் விஷயத்தில் அந்த வாதம் நிற்குமா? நிற்காது என்றே நினைக்கிறேன். நிஜத் துப்பாக்கி போலத் தோற்றமளிக்கும் போலிகளை இறக்குமதி செய்வதை 2006ஆம் ஆண்டு வன்முறைக் குற்றத் தடுப்புச் சட்டம் தடை செய்கிறது. ஏர்சாஃப்ட் ஆட்டக்காரர்களுக்கு அதில் விலக்கு உண்டு. வாங்கியவர், காப்பீடு உள்ள களத்தில் முறையாக ஆடுபவர் என்று காட்டினால் போதும். அங்குள்ள ஆட்டக்காரர் பதிவேட்டில் அவர் பெயர் இருந்தால் இந்தத் தடையைத் தாண்டிவிடலாம். ஆனால் படிவத்தில் எழுதியது ஒன்று, பெட்டிக்குள் இருந்தது வேறு. பறிமுதலுக்கு அது ஒன்றே போதும். உள்ளதை உள்ளபடி எழுதி, அவருடைய பதிவு எண்ணையும் சேர்த்து அனுப்பியிருந்தால் இந்தப் பார்சல் போய்ச் சேர நல்ல வாய்ப்பு இருந்தது. அதுதான் எனக்கு வருத்தம்.

ஆகவே பறிமுதலை எதிர்ப்பதைவிட, அதை ஏற்றுக்கொண்டு பொருளைத் திருப்பித் தரும்படி மனுப் போடுவதே மேல். இறக்குமதியாளர் அவர் என்பதால் மனு அவர் பெயரில் போகட்டும். ஆட்டக்காரர் என்பதற்கான சான்று, உண்மையான விலைக்கான பணப் பரிமாற்ற ரசீது, குண்டின் வேகம் அளந்த குறிப்பு எல்லாம் இணைக்கச் சொல்லுங்கள். வேகக் குறிப்பை அலட்சியம் செய்யாதீர்கள். வேகத்தை வைத்துத்தான் குண்டின் ஆற்றலை ஜூல் என்ற அலகில் கணக்கிடுவார்கள். தொடர்ந்து சுடும் வகைக்கு 1.3 ஜூல், ஒவ்வொன்றாகச் சுடும் வகைக்கு 2.5 ஜூல் என்பது அங்கே எல்லை. அதைத் தாண்டினால் ஏர்சாஃப்டுக்கான விலக்கு கிடைக்காது, நிஜத் துப்பாக்கிச் சட்டத்தில் போய் மாட்டிக்கொள்வார். திருப்பித் தருவது அதிகாரிகளின் விருப்புரிமை, கட்டணமும் கேட்கலாம்.

சரி, உங்கள் மேல் வழக்கு? தெரிந்தே பொய்த் தகவல் தருவது பெரும்பாலான நாடுகளின் சுங்கச் சட்டத்தில் குற்றம். தபாலில் ஒட்டும் அந்தச் சிறிய படிவத்தின் அடியில் 'விவரங்கள் சரியானவை' என்ற உறுதிமொழி இருக்கும். அதன் கீழே இருப்பது உங்கள் கையெழுத்து, வாங்கியவருடையது அல்ல. 'அவர்தான் எழுதச் சொன்னார்' என்பது அவரையும் இதில் சேர்க்குமே தவிர, உங்களை விடுவிக்காது. அவருடைய மனுவுக்காக நீங்கள் எதையாவது எழுதிக் கொடுப்பதற்கு முன் உங்கள் ஊர் வழக்கறிஞரிடம் காட்டுங்கள். பழைய செய்திகளை அழிக்காதீர்கள். தேதியைப் பின்னுக்குப் போட்டுப் புது இன்வாய்ஸ் தயாரிக்கும் யோசனை யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள். ஒரு பொய்யை மறைக்கப் போடும் இரண்டாவது பொய்தான் ஆளைச் சிறை வரைக்கும் கொண்டுபோகும்.

இன்னொரு முறை அனுப்புவதாக இருந்தால், போய்ச் சேரும் நாட்டின் சட்டத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அமெரிக்காவுக்கு என்றால் குழல் முனையில் குறைந்தது 6 மில்லிமீட்டர் அளவுக்குப் பளிச்சென்ற ஆரஞ்சுக் குறி வேண்டும். ஜெர்மனியில் அரை ஜூலைத் தாண்டினால் ஐங்கோணத்துக்குள் 'எஃப்' முத்திரை இருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் இது பொம்மையே அல்ல, முன்அனுமதி இல்லாமல் அனுப்பவே கூடாது. சுங்க வகைப்பாட்டில் காற்றுத் துப்பாக்கிகளுக்கு 9304 என்ற தலைப்பு இருக்கிறது. துப்பாக்கி என்று எழுதினால் பிடித்துவிடுவார்கள் என்று பயந்து பலர் பொம்மைக்கான 9503ஐப் போடுகிறார்கள். எக்ஸ்ரேயில் குழலும் விசையும் தெரிந்ததுமே பெட்டியைத் திறந்துவிடுவார்கள், எழுதியது பொய் என்பது அந்த இடத்திலேயே தெரிந்துவிடும். அப்புறம், பின்கட்டைக்குள் லித்தியம் பேட்டரி இருக்கிறதா என்று பாருங்கள். மறந்துபோய் அதோடு அனுப்புகிறவர்கள் நிறைய. விமானத்தில் அதற்குத் தனி விதிகள் உண்டு. துப்பாக்கியில் நிரப்பும் கேஸ் டப்பா எரியக்கூடிய பொருள், அதைச் சேர்த்து வைக்கவே வைக்காதீர்கள்.

பணம் பற்றி: அவர் கேட்டுத்தான் எழுதினீர்கள் என்றாலும், கையெழுத்துப் போட்டவர் நீங்கள். பொருள் அவர் கைக்குப் போகவில்லை. விலையைக் குறைத்துக் காட்டியதால் கூரியர் காப்பீட்டில் முழுத்தொகை கேட்கவும் வழியில்லை. மனுவின் முடிவு வரும்வரை பாதித் தொகையைத் தருகிறேன், பொருள் வராவிட்டால் மீதியைப் பேசிக்கொள்ளலாம் என்று எழுத்தில் கேட்டுப் பாருங்கள். தவறில் அவருக்கும் பங்கு இருப்பதால் ஒப்புக்கொள்ள வாய்ப்பு இருக்கிறது.