தரை தொட்ட பிறகு விமானம் ஏன் இடப்பக்கம் ஓடுகிறது?

செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய ஓடுபாதையில், இடப்பக்கக் காற்றில் இறங்கும்போது செஸ்னா 172 என்ற சிறிய ஒற்றை எஞ்சின் விமானம் இடதுபுறம் இழுப்பது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். பிரேக்கைச் சந்தேகிக்கும் முன் கையைப் பாருங்கள். சக்கரம் பட்டதும் யோக்கை (இறக்கைகளைச் சாய்க்கும் கைப்பிடியை) தளர்த்திவிடுவதுதான் பெரும்பாலும் கோளாறு. செங்குத்து வால் காற்றை வாங்கி மூக்கைக் காற்று வரும் பக்கம் திருப்பும். இடது இறக்கையும் தூக்கும். வேகம் குறையக் குறைய ரடரின் (மூக்கைத் திருப்ப, காலால் இயக்கும் வால் பலகையின்) பிடியும் தளரும். ஆகவே யோக்கை இடப்பக்கம் கூட்டிக்கொண்டே போங்கள்; நிற்கும்போது முழுக்கத் திரும்பியிருக்க வேண்டும். வலது ரடரால் மூக்கை நேராக வையுங்கள். குதிகால் விமானி அறைத் தரையிலேயே இருக்கட்டும். ரடர் பெடலின் மேல்பகுதிதான் பிரேக்; பாதம் அதில் மேலேறினால், உங்களுக்கே தெரியாமல் ஒரு பக்க பிரேக் அழுந்தும்.

மரவரிசை முடிந்து மறுநடவுத் திடல் தொடங்கும் இடத்தில் மிகுந்த கவனம் தேவை. அதுவரை மரங்கள் தடுத்த காற்று அங்கே சட்டென்று பக்கவாட்டில் அறையும்.

வேகம் அதிகமாக இறங்கி மூக்குச் சக்கரத்தை அழுத்தினால், பின்சக்கரங்களில் எடை இல்லாமல் விமானம் அந்த ஒற்றைச் சக்கரத்தைச் சுற்றித் திரும்பிவிடும். 172எஸ் மாடலின் கையேட்டில், சோதனையில் இறங்கிக் காட்டிய அதிகபட்சப் பக்கக்காற்று 15 நாட் (மணிக்குச் சுமார் 28 கி.மீ.). தரை தொடும் முன்பே பக்கவாட்டில் நழுவினால், முழு திராட்டில் (எஞ்சின் விசை) கொடுத்து, வலது ரடரோடு மேலேறிவிடுங்கள்.