டாக்டர் வேண்டாம், சேறு போதும் என்கிறாளே, என்ன செய்ய?

பினாங்கு நிபோங் தெபாலிலிருந்து ஓர் அம்மா கேட்டிருக்கிறார். அப்பா செம்பனைத் தோட்டத்தில் மண்டோர், அதாவது வேலையாட்களை மேற்பார்க்கிறவர். எஸ்டிபிஎம் (ஆறாம் படிவத் தேர்வு) முடித்த மகள் கடல் அறிவியல்தான் என்கிறாள், கிள்ளானில் இருக்கும் தாய்மாமன் தனியாரில் மருத்துவம்தான் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார்.

அக்கா, கவலைப்படாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். கவலைப்பட வேண்டியது செலவைப் பற்றி. தனியார் மருத்துவம் லட்சக்கணக்கில் வெள்ளி (ரிங்கிட்) கேட்கும். அண்ணனுடைய, அதாவது உங்கள் வீட்டுக்காரருடைய, இபிஎஃப் ஓய்வுக்காலச் சேமிப்பை அதில் போடவே கூடாது. 2016 டிசம்பரில் புது டாக்டர்களுக்கு நிரந்தர வேலைக்குப் பதில் ஒப்பந்த வேலை வந்து, 2021 ஜூலையில் அவர்கள் வார்டை விட்டு வெளியே வந்து போராடியதை மாமாவுக்கு ஒருமுறை ஞாபகப்படுத்துங்கள். அதைவிட முக்கியம், பிள்ளைக்கு அதில் மனசு இல்லை. சரி, அந்தப் பேச்சு முடிந்தது.

அவள் பள்ளி புரொஜெக்டுக்காகக் கிரியான் ஆற்று முகத்துவாரச் சேற்றை அள்ளி வந்தாள் என்று குறைப்பட்டீர்கள். கடல் அறிவியலில் அதுதான் வேலையே! கடலோரக் குடாவில் குழாயை இறக்கிச் சேற்றை எடுத்து, சென்டிமீட்டர் சென்டிமீட்டராக வெட்டுவார்கள். அதிலிருக்கும் ஈயம்-210 என்ற கதிரியக்க ஈயம் சுமார் 22 வருஷத்துக்கு ஒருமுறை பாதியாகும், அதை வைத்துக் கடைசி நூறு வருஷம்வரை எந்த அடுக்கு எப்போது படிந்தது என்று கணக்கிடலாம். கார்பனுக்கும் நைட்ரஜனுக்கும் உள்ள விகிதம் ஏழு பக்கம் இருந்தால் பெரும்பாலும் கடல் பாசி, இருபதைத் தாண்டினால் ஆறு அடித்து வந்த இலைதழை. மலத்திலிருந்து வரும் கோப்ரோஸ்டனால் என்ற பொருள் கூடியிருந்தால் எந்த ஊர் கக்கூஸ் தண்ணீரோ கலந்திருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். இந்தக் கழிவு அளவுக்கு மீறிப் படிந்தால் பாக்டீரியா ஆக்சிஜனைத் தின்று தீர்த்துவிடும், பிறகு சேறு அழுகின முட்டை நாற்றம் அடிக்கும், அதில் கெராங் சிப்பி பிழைக்காது. ஜப்பானில் மினமாட்டா குடாவில் பாதரசம் படிந்த சேற்றை 1977-இல் அள்ளத் தொடங்கி, வேலை முடிய 1990 ஆனது.

தோட்டத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று அண்ணன் கேட்பார். செம்பனை எண்ணெய் ஆலையின் சுத்திகரிக்காத கழிவுநீர், அழுக்குக் கணக்கில், வீட்டுச் சாக்கடையைவிட ஏறக்குறைய நூறு மடங்கு. அதனால்தான் ஆலையில் கழிவுக் குளங்கள் இருக்கின்றன, 1974 சுற்றுச்சூழல் சட்டப்படி அதைப் பார்க்கத் தகுதிச் சான்றுள்ள ஆளும் வேண்டும். இதைத் தவிர ஆய்வுக்கூடம், கடலோரக் கட்டுமானத்துக்கு முன் பாதிப்பு அறிக்கை எழுதும் நிறுவனங்கள், சுற்றுச்சூழல் இலாகா என்று வேலை உண்டு. தொடக்கச் சம்பளம் சுமார்தான், ஆராய்ச்சிக்குப் போக மாஸ்டர்ஸ் வேண்டும். மறைக்கவில்லை.

அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும் யுபியு பாரத்தில் மலேசியத் திரங்கானு பல்கலைக்கழகத்தின் கடல் அறிவியலை முதலில் போடச் சொல்லுங்கள். அரசாங்கக் கட்டணம்தான், மிச்சத்துக்கு பிடிபிடிஎன் கல்விக்கடன் கேட்கலாம். அப்புறம், அவளுக்கு நீச்சல் தெரியாது என்றீர்களே, இந்த லீவிலேயே சேர்த்துவிடுங்கள். படகில் போகிற படிப்பு அது.