நாலு கம்பியா, ஐந்து கம்பியா?

அன்புள்ள அண்ணா,

ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறேன். எங்கள் இசைக்குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். கையில் இருப்பது ஃபெண்டர் பிரிசிஷன் மாதிரியில் செய்த பழைய நாலு கம்பி. பண்டாரவளை நண்பர் ஒருவர் தன்னுடைய ஐந்து கம்பி ஆக்டிவ் பேஸைத் (உள்ளே பேட்டரி போட்டு ஓடுவது) தருகிறார், காசு வேண்டாம், கிட்டாருக்குக் கிட்டார். எங்கள் பாடகருக்கு இப்போது சுருதி இறங்கிவிட்டதால் எனக்குக் கீழே இடம் போதவில்லை. மாற்றட்டுமா?

ச., ஹட்டன்

தம்பி,

பாடகருக்குத் தொண்டை இறங்கியதற்கு நீங்கள் ஏன் கிட்டாரைக் கொடுக்க வேண்டும்? (சும்மா சொன்னேன், அவரிடம் காட்டிவிடாதீர்கள்.) அவர் எவ்வளவு இறங்கியிருக்கிறார் என்று முதலில் பாருங்கள். ஈ-யிலிருந்து டி சுரம் வரைக்கும்தான் என்றால் தடித்த கம்பியின் ஆணியைக் கொஞ்சம் தளர்த்தினால் முடிந்தது. அந்த ஒரு கம்பியில் மட்டும் விரல் இரண்டு ஃப்ரெட் (கழுத்தில் பதித்த குறுக்குக் கோடு) தள்ளிப் போகும், ஒரு வாரத்தில் கை பழகிவிடும். சி-க்குப் போகிறார் என்றால்தான் கம்பி தொளதொளத்துப்போய் உங்களுக்கு ஐந்தாவது கம்பி தேவைப்படும். அதையும் யோசித்துக்கொள்ளுங்கள், அந்த ஐந்தாவது கம்பியான பி-யின் அடிச்சுரம் 31 ஹெர்ட்ஸ், உங்கள் ஈ 41. திருவிழாவுக்கு நாம் தூக்கிக்கொண்டு போகிற சின்னப் பெட்டிகளில் 41-ஏ பாதிதான் வெளியே வரும்.

அப்புறம் இரைச்சல். 1957-ல் பிரிசிஷனின் பிக்கப்பை (கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் காந்தச் சுருள்) இரண்டு துண்டாக்கி, ஒன்றின் இரைச்சலை மற்றது அடக்கும்படி செய்தார்கள். கோவில் மேடையில் ஜெனரேட்டரும் சீரியல் பல்பும் சுற்றி நிற்கும்போது அதன் அருமை தெரியும். நண்பருடையதில் எந்தப் பிக்கப் என்று நீங்கள் எழுதவில்லை. ஒற்றைச் சுருள் பிக்கப் இரண்டு என்றால், ஒன்றின் சத்தத்தைக் குறைத்த உடனே ங்ங்ங் என்று ஆரம்பித்துவிடும்.

நானும் இப்படி ஒருமுறை மாற்றியவன்தான். முதல் நாள் ஒத்திகை முடிந்து ஜாக்கைக் கழற்றாமல் அப்படியே சுவரில் சாத்தி வைத்துவிட்டுப் படுத்துவிட்டேன், ஆக்டிவ் பேஸில் ஜாக் குத்தியிருந்தால் பேட்டரி ஓடிக்கொண்டே இருக்கும் என்பது அப்போது தெரியாது. மறுநாள் கல்யாண வீட்டில் மூன்றாவது பாட்டில் பேஸ் கரகரத்தது, நாலாவதில் இல்லை. டிரம்ஸ்காரர் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார், நான் வாசிப்பதுபோலக் கையை ஆட்டிக்கொண்டு நிற்கிறேன், ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒன்பது வோல்ட் பேட்டரிக்கு எந்தக் கடையைத் தட்டுவது?

ஆனாலும் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஐந்து கம்பி கைக்குப் பிடித்துப்போனால் அதுவும் ஒரு நியாயம்தான். பார்க்கப் போகும்போது நெக்கைத்தான், அதாவது கழுத்தைத்தான், முதலில் பாருங்கள், நம் மூட்டத்திலும் மழையிலும் மரம் ஈரம் குடித்து வளையும். பி கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, நடுவில் ஏழாவது எட்டாவது பக்கம் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். ஒரு விசிட்டிங் கார்டு நுழைகிற அளவு இருந்தால் சரி. தீப்பெட்டியே நுழைந்தால் உள்ளே இருக்கிற ட்ரஸ் ராட் (நெக்கின் வளைவைச் சரிசெய்யும் இரும்புக் கம்பி) இன்னும் திரும்புகிறதா என்று நண்பரையே திருப்பிக் காட்டச் சொல்லுங்கள், நீங்கள் கை வைக்காதீர்கள்.

அதுவும் சரியாக இருந்தால்கூட உடனே மாற்ற வேண்டாம். ஒரு மாதத்துக்கு மட்டும் ஆளுக்கொன்று மாற்றி வைத்துக்கொள்வோம் என்று கேளுங்கள், இரண்டு நிகழ்ச்சி அதில் வாசித்துப் பாருங்கள். பண்டாரவளைக்குப் போகும்போது புதுப் பேட்டரி ஒன்று பையில் இருக்கட்டும்.